ரிக்கார்டைக் கணினியில் ஏற்றினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது ஏன்?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். குளச்சலில் தாத்தா வீட்டுப் பெட்டியில் பெரிய எல்பி, சிறிய இபி, கூடவே நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 ரிக்கார்டுகள் கொஞ்சமும் கிடைத்திருக்கின்றன. மாமா முன்பு சவுதியிலிருந்து கொண்டுவந்த ரிக்கார்டு பிளேயரை வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் என்ற பொது உள்ளீட்டுத் துளையில் சொருகி, ஆம்ப்ளிஃபயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்பில் இருக்கிற ஒரே துளைக்கு ஒயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிகிறீர்கள். ஸ்பீக்கரும் கூடவே பாடுகிறது. வால்யூமை முழுக்கத் திருகினால்தான் பாட்டே கேட்கிறது. ஸ்பீக்கரில் குரல் மெலிந்து, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. பதிவிலோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது. அடியில் ‘உம்ம்’ என்று ஒரு ரீங்காரம். பாட்டு கொஞ்சம் இழுவையாக ஓடுகிறது. போதாக்குறைக்கு, அம்மா அடுக்களையில் பாத்திரம் வைத்த சத்தம்கூட பதிவில் விழுந்திருக்கிறது. தட்டு கெட்டுப்போயிற்றா, லேப்டாப் போதாதா, இரைச்சல் நீக்கும் மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மென்பொருளைப் பற்றியதாகத் தெரிந்தாலும், முள்ளில் தொடங்கிக் கணினி வரைக்கும் போகிற பாதையில் கோளாறு எந்த இடத்தில் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. மென்பொருள் எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன கோளாறுகளில் ஏறக்குறைய எல்லாமே கணினிக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

நான் நாகர்கோவிலில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்தே வயதானவன். இப்போது என்னிடம் வருகிறவர்களில் பலரும் பழைய ரிக்கார்டைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான். அதனால் உங்கள் அடையாளங்களில் சிலவற்றை நேரில் கேட்காமலே அடித்துச் சொல்லலாம். சிலவற்றை முள்ளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

அடித்துச் சொல்லக்கூடியது முதலில். பாத்திரச் சத்தம் விழுந்தது என்றீர்களே, பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது. ஆடாசிட்டி பதிந்தது ஒயரில் வந்த ஒலியையே அல்ல. அறையில் ஸ்பீக்கர் பாடியதை லேப்டாப்பின் உள்மைக் கேட்டுப் பதிந்திருக்கிறது. இப்போதைய லேப்டாப்களில் இருக்கும் அந்த ஒற்றைத் துளை ஹெட்ஃபோனும் மைக்கும் சேர்ந்த துளை. அதற்குப் பொருந்துவது நான்கு வளையமுள்ள பின் (கறுப்புக் கோடுகளை அல்ல, உலோகப் பகுதிகளை எண்ணுங்கள்). ஹெட்ஃபோன் ஒயரில் இருப்பது மூன்று வளையம். மூன்று வளைய பின்னைச் சொருகினால் மைக்குக்கான தொடுமுனை எர்த்தோடு சேர்ந்து குறுக்கிணைப்பு ஆகிவிடும். லேப்டாப் என்ன நினைக்கும்? யாரோ ஹெட்ஃபோன் சொருகியிருக்கிறார்கள், மைக் இல்லை, அப்படியென்றால் உள்மைக்கையே வைத்துக்கொள்வோம் என்று போய்விடும். சோதிப்பது சுலபம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பின் விளிம்பில் விரல் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். ஆடாசிட்டியின் அலையில் முள் முள்ளாகக் குத்திட்டு எழுந்தால் உள்மைக்தான்.

உள்மைக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது பேச்சுக்காக வைக்கப்பட்டது. பேச்சு அல்லாமல் ஒரே சீராக நீடிக்கிற எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்குகிற ஏற்பாடு விண்டோஸிலோ ஒலி டிரைவரிலோ பெரும்பாலும் இருக்கும். ஃபேன் சத்தத்துக்கு அது நல்லதுதான். கச்சேரி ரிக்கார்டில் அது முதலில் விழுங்குவது தம்புராவை. அப்புறம் வயலினின் நீண்ட கார்வை அலையலையாக ஏறி இறங்கும். கிணற்றுக்குள் பாடுவது போல என்று நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுவும் அறையின் எதிரொலியும்தான்.

சரி, எப்படிப் பதிய வேண்டும்? லேப்டாப் துளையை மறந்துவிடுங்கள். நான்கு வளைய அடாப்டர் வாங்கிப் போட்டாலும் அது மைக் துளைதான், ஒற்றை வழிதான். இடதும் வலதும் பிரிந்து வராது. அதில் ஸ்டீரியோ ரிக்கார்டு ஏற்றுவது வீண் வேலை. யூ.எஸ்.பி.யில் சொருகும் சிறிய ஒலிப்பெட்டி ஒன்று வாங்குங்கள். இரண்டு ஆர்.சி.ஏ. துளை, அதாவது சிவப்பும் வெள்ளையும், உள்ளதாக இருக்க வேண்டும். பெஹ்ரிங்கரில் யூ.சி.ஏ. 202 இந்த வேலைக்குப் போதும். ரிக்கார்டு பிளேயரையே நேராகச் சொருகும்படி ஃபோனோ வசதி உள்ளது யூ.எஃப்.ஓ. 202. உங்களுக்கு எது வேண்டும் என்பது ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

ஆக்ஸில் சொருகியதுதான் அடுத்த கோளாறு. இதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருகிற மின்னழுத்தம் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பது சில நூறு மில்லிவோல்ட். நூறு மடங்கு பற்றாக்குறை. வால்யூமை முழுக்கத் திருகினால்தான் கேட்கிறது என்பதற்குக் காரணம் அதுதான். அளவு மட்டும் என்றால்கூட பொறுத்துக்கொள்ளலாம். ரிக்கார்டில் ஒலியை இயல்பாக வெட்டுவதில்லை. கனத்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகல அகலமாக வளைந்து ஓடும், ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுக்குக்கூட இடம் இருக்காது. அதனால் கனத்தைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். 1954 முதல் இதற்கென்று உறுதிப்பட்ட அளவுதான் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு. நடு ஒலியான 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், 50 ஹெர்ட்ஸ் சுமார் 17 டெசிபல் குறைவாகவும் 10,000 ஹெர்ட்ஸ் சுமார் 14 டெசிபல் கூடுதலாகவும் தட்டில் ஏறியிருக்கும். ஓட்டும்போது இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். கீச்சொலியைக் குறைக்கும்போது தட்டின் சொரசொரப்பும் சேர்ந்து குறையும், அது கூடுதல் ஆதாயம். அந்தத் திருப்பும் வேலையைச் செய்வதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். ஆக்ஸுக்குப் பின்னால் அது இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப்பக்கம் காணாமல் போய், வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்டிருக்குமே, அது இதனால்தான். ‘ஸ’ சீறுவதிலும் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது. எவ்வளவு பங்கு என்பது இதைச் சரிசெய்த பிறகுதான் தெரியும்.

ஆகவே ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் ஃபோனோ என்று எழுதிய துளை இருக்கிறதா பாருங்கள். எழுபது, எண்பதுகளில் வந்த வீட்டு ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் இருக்கும், பக்கத்திலேயே எர்த் ஒயர் மாட்ட ஒரு திருகும் இருக்கும். இருந்தால் பிளேயர் அங்கே போக வேண்டும். பதிவுக்கான ஒயர் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வரக் கூடாது. டேப் அவுட் அல்லது ரெக் அவுட் என்று எழுதிய துளையிலிருந்து யூ.எஸ்.பி. பெட்டிக்குப் போகட்டும். அந்தத் துளையில் வரும் ஒலியை வால்யூமும் பாஸ், டிரபிள் குமிழ்களும் தொடாது. பதியும்போது ஸ்பீக்கரைச் சுத்தமாக அணைத்து வைத்துக்கொள்ளலாம். அணைத்துத்தான் வைக்க வேண்டும்: ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக முள்ளுக்குப் போய், கனத்த ஒலியெல்லாம் திரும்பப் பதிவாகும். ஃபோனோ துளையே இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு, ஃபோனோ வசதியுள்ள யூ.எஸ்.பி. பெட்டியில் பிளேயரை நேராகச் சொருகுங்கள்.

இதே இடத்தில் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும் என்பதால், வேறு யாராவது படித்தால் உதவும் என்று சொல்லிவைக்கிறேன். புதிதாக வருகிற பிளேயர்கள் பலவற்றில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும். பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். லைனில் வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோவிலும் சொருகினால் இரண்டு முறை பெருக்கி, இரண்டு முறை கனம் கூட்டி, எல்லாம் பூம் என்று மொத்தையாக உடையும். மெலிந்து கீச்சென்றால் ப்ரீஆம்ப் இல்லை, மொத்தையாக உடைந்தால் ப்ரீஆம்ப் இரண்டு. இன்னொரு விதிவிலக்கு, பழைய பெட்டி வடிவ பிளேயர்களில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் வெளியீடு நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட். அது ஆக்ஸுக்குத்தான் போக வேண்டும். முள்ளின் பக்கத்தில் திருப்பிவிடும் சின்ன நெம்புகோலும் எல்பி, 78 என்ற குறியும் இருந்தால் அது பெரும்பாலும் அந்த வகை. உங்களுடையது ஆக்ஸில் இவ்வளவு மெலிதாக வருவதால் காந்த வகை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி இழுவை. சவுதியிலிருந்து வந்தது என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நம் மாவட்டத்தில் வளைகுடா போய்வராத வீடு குறைவு, அங்கிருந்து வந்த பொருள்களும் ஏராளம். துபாயிலிருந்து வந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. அங்கேயும் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ் கரண்டு. சவுதியில் 60 ஹெர்ட்ஸ். பழைய பிளேயர்களில் பலவற்றின் மோட்டார் கரண்டின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற வகை. 60க்குச் செய்த மோட்டார் 50இல் ஓடினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு நிமிடத்துக்கு 28 சுற்றுகூட வராது. சுருதியும் மூன்று அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். பாட்டை முன்பு கேட்டுப் பழகாதவர்களுக்கு இது கோளாறாகவே படாது, ஏதோ கனமான குரல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உறுதிசெய்ய மீட்டர் வேண்டாம். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, கைப்பேசியில் மூன்று நிமிடம் வைத்துக்கொண்டு சுற்றை எண்ணுங்கள். எல்பி வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். 83 வந்தால் சவுதி கரண்டுதான் காரணம். 95, 97 என்று வந்து, அதிலும் சீரில்லாமல் அலைந்தால் பெல்ட் தொய்ந்திருக்கிறது. 83 என்றால், மோட்டாரின் தலையில் இருக்கும் கப்பியைப் பாருங்கள். சில மாடல்களில் 50க்கும் 60க்கும் கப்பி மாற்றிப் போடலாம். மோட்டார் டிசி வகை என்றால் இந்தப் பிரச்சினை வரவே வராது. அடியில் ஒரு துளைக்குள் வேகம் திருத்தும் திருகு இருக்கும், பைய திருப்பினால் போதும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வோல்டேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது: பழைய சவுதி வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது, அதனால் பிளேயரின் பின்னால் வோல்டேஜ் தேர்வு சுவிட்ச் இருந்தால் அது 220 அல்லது 240 பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கப்பி கிடைக்கவில்லையா, கவலை இல்லை. அப்படியே பதிந்து, ஆடாசிட்டியில் வேகத்தை 1.2 மடங்காக்குங்கள், சுருதியும் தாளமும் சேர்ந்தே சரியாகிவிடும். ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் மெதுவாக ஓடியபோதே நடந்துவிட்டதால் வளைகோடு கொஞ்சம் விலகும், ஆனால் அந்த விலகல் ஒன்றரை டெசிபலைத் தாண்டாது. நூலகத்துக்குக் கொடுக்கிற பதிவு என்றால் யோசிக்கலாம், வீட்டுக்குக் கேட்க இது போதும். பெல்ட் தொய்வு என்றால் மென்பொருளால் ஆகாது, புதுப் பெல்ட்தான் போட வேண்டும். ஊரைச் சுற்றி ரப்பர் தோட்டமாக இருக்கிறது, பெல்ட்டுக்கு மட்டும் ஆன்லைனில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

‘உம்ம்’ என்ற ரீங்காரத்துக்கு வருவோம். இதற்கு நான் கடைப்பிடிக்கிற வழி, பாட்டே இல்லாமல் பதிவது. ஒவ்வொன்றும் அரை நிமிடம். முதலில் யூ.எஸ்.பி. பெட்டியில் எதுவுமே சொருகாமல் ஒரு பதிவு. அடுத்து எல்லா ஒயரும் சொருகி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, பிளேயர் மோட்டார் நிற்கும்போது. மூன்றாவது, தட்டு சுற்றும்போது, முள் மேலே தூக்கியபடி. கடைசியாக, முள்ளைப் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய வெற்றுப் பள்ளத்தில் வைத்து. நான்கையும் வரிசையாகக் கேட்டால் சத்தம் எந்தப் படியில் நுழைந்தது என்பது தெரிந்துவிடும். முதல் பதிவிலேயே இருந்தால் கணினியும் யூ.எஸ்.பி. பெட்டியும். இரண்டாவதில் வந்தால் ஒயரும் எர்த்தும். மூன்றாவதில் மோட்டார். நான்காவதில் மட்டும் ‘குடுகுடு’ என்று வந்தால் பேரிங்கோ தட்டோ. ஊகித்து ஒவ்வொரு பொருளாக வாங்கி மாற்றுவதைவிட இது மலிவு. இதைச் செய்யாமல் கேட்கிற எந்தக் கேள்விக்கும் என் பதில் ஊகம்தான்.

ரீங்காரம் இரண்டாவது பதிவில் வரும் என்பது என் ஊகம், ஏனென்றால் பத்தில் எட்டு இடத்தில் அப்படித்தான். பிளேயரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று, நுனியில் கவட்டை போன்ற தகட்டோடு தனியாகத் தொங்கும். அதைப் பலரும் மிச்சமான ஒயர் என்று சுருட்டி வைத்துவிடுகிறார்கள். ஃபோனோ துளைக்குப் பக்கத்தில் இருக்கும் திருகில் அதைக் கட்டுங்கள். முள் இருக்கும் கையின் உலோகப் பகுதியை விரலால் தொட்டால் ரீங்காரம் கூடவோ குறையவோ செய்தால், அந்த ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் எர்த் சுற்று, அதாவது கருவிகளின் எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாகியிருக்கிறது. அதற்கு ஒன்றும் வாங்க வேண்டாம், பேட்டரியிலேயே பதியுங்கள். எல்பியின் ஒரு பக்கம் பெரும்பாலும் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சார்ஜரின் எர்த் பின்னை ஒடித்துவிடு என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. உயிருக்கு விளையாட்டு வேண்டாம்.

பழைய வீடுகளில் மூன்று பின் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இருந்தாலும் எர்த் குழி வறண்டு கிடக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை அளந்து பார்ப்பது ரிக்கார்டுக்கு மட்டும் அல்ல, ஃப்ரிட்ஜுக்கும் நல்லது. சத்தம் ‘உம்ம்’ என்று இல்லாமல் ‘ர்ர்ர்’ என்று கூர்மையாக இருந்தால் ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். குளச்சல் கடற்கரைக் காற்றில் ஆர்.சி.ஏ. பின்கள் பச்சைக் களிம்பு ஏறிப்போவது சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் மெலிந்து கேட்டால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, சொருகி நாலைந்து முறை திருகினால் தொடுகை தெளியும். கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நான்கு மெல்லிய ஒயர்களுக்கும் இதே கதிதான், ஆனால் அவற்றைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட வேண்டும்.

இப்போது சந்தேகமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஃபோனோவில் சொருகிய பிறகும் ‘ஸ’ சிதறினால் காரணம் மூன்றில் ஒன்று: முள் தேய்ந்திருக்கலாம், முள்ளின் பாரமோ கோணமோ தவறாக இருக்கலாம், தட்டின் பள்ளமே அரிந்திருக்கலாம். எழுத்தைப் படித்து இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எல்லாத் தட்டிலும் சிதறினால் முள். ஒரு தட்டில் மட்டும் என்றால் தட்டு. ஓரத்துப் பாட்டு நன்றாக இருந்து நடுவை நோக்கிப் போகப் போகச் சிதறல் கூடினால் கோணம், அல்லது முள்ளின் முனை மழுங்கல். காரணம் என்னவென்றால், எல்பியின் வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் போல ஓடுகிறது; உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே ‘ஸ’ உள்ளே நெருக்கி எழுதப்பட்டிருக்கும், மழுங்கிய முனையால் அதைப் படிக்க முடியாது.

முள்ளை மாற்றிவிட்டு மற்றதைப் பார்ப்பது என் வழக்கம். வைர முள் சில நூறு மணி நேரம் தாங்கும், பழைய பிளேயர்களில் வந்த நீலக்கல் முள் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. மாமா பிளேயரில் இருப்பது என்றைக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த முள் கெட்ட ஒலி தருவதோடு நிற்காது, நல்ல தட்டையும் அரித்துவிடும். புதிய முள்ளுக்கு அதன் தாளில் போட்டிருக்கும் பாரத்தை வையுங்கள். மில்லிகிராம் வரை காட்டும் சிறிய தராசு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. பாரம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. குறைந்தால் முள் பள்ளத்துக்குள் துள்ளி, சுவரை இடித்துக்கொண்டே போகும். இன்னொன்று கேட்க வேண்டும்: உங்கள் தாத்தா மைக் செட் வைத்திருந்தவரா? கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் விடிய விடிய ஓடிய தட்டுகள் வேறு இனம். முள் தாண்டக் கூடாது என்று கைமேல் நாலணாவை வைத்து ஓட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் இருந்த ‘ஸ’ அப்போதே போய்விட்டது, இனி எந்த முள்ளும் அதைக் கொண்டுவராது.

தட்டைக் கழுவுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பெட்டிக்குள் கிடந்த தட்டில் பூஞ்சை இல்லாமல் இருக்காது. வெள்ளைப் புள்ளியாகவோ மேகம் போட்டது போலவோ தெரியும், ஒலியில் விடாத பொரிச்சலாக வரும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, நிழலில் நிமிர்த்தி உலரவிடுங்கள். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. போர் தண்ணீர் வேண்டாம். உலர்ந்தபின் அதன் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். உறையையும் மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பழைய உறையிலிருந்து திரும்ப ஏறும்.

பதிவுக்குப் பெரிய வித்தை இல்லை. விண்டோஸின் ஒலி அமைப்பில் யூ.எஸ்.பி. பெட்டியைச் சில சமயம் மைக் என்று எடுத்துக்கொண்டு ஒற்றைச் சேனலில் வைத்துவிடும். இரண்டு சேனல் என்று மாற்றி, மேம்பாடு என்ற பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆடாசிட்டியிலும் பதியும் கருவி எது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், உள்மைக் அங்கேயும் முதல் ஆளாக வந்து நிற்கும். தட்டிலேயே சத்தமான பாட்டை ஓட்டி, உச்சம் −6 டெசிபலுக்கு மேல் போகாதபடி அளவை வையுங்கள். மேலே முட்டினால் அலையின் தலை சீவினாற்போல் தட்டையாகிவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. அலை −6இலேயே தட்டையாக இருக்கிறதென்றால் ஆடாசிட்டிக்கு முன்பே, ஆம்ப்ளிஃபயரிலோ பெட்டியிலோ, முட்டியிருக்கிறது. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் இதற்குத் தாராளம். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். எம்பி3 கைப்பேசிக்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

மென்பொருளில் சுத்தம் செய்வது கடைசி வேலை, அதுவும் மூலப் பதிவைத் தனியே வைத்துவிட்டுப் பிரதியில். பெரிய ‘டப்’ சத்தங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து ஆடாசிட்டியின் ரிப்பேர் கருவியால் எடுங்கள். அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள் (நொடிக்கு 44,100 என்று பதிந்த ஒலிப்புள்ளிகள்) வரைதான் ஏற்கும், அதாவது மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு, ஒரு டப்புக்கு அது போதும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மோட்டாரின் குடுகுடுப்பு போகும். இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் நான் தொடுவதில்லை. 12, 18 என்று ஏற்றினால் இரைச்சல் போகும், கூடவே குரலின் மூச்சும் நாகஸ்வரத்தின் கரகரப்பும் போகும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும், காது இரண்டு நிமிடத்தில் அதைத் தள்ளிவிடும்.

இதைவிடப் பலன் தரும் ஒரு வழி இலவசமாகவே இருக்கிறது. 1970களுக்கு முந்தைய தமிழ் சினிமா இபிகளில் பெரும்பாலானவை மோனோ. மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கும். மேலும் கீழுமான அசைவில் வருவது முழுக்க அழுக்கும் குடுகுடுப்பும். இரண்டு சேனலிலும் பதிந்து பின்னால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்த மேல்கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். சேர்த்ததும் பாடகர் குரலே மறைந்துபோனால் பயப்படாதீர்கள், கார்ட்ரிட்ஜில் ஒரு பக்கத்து ஒயர் இரண்டும் இடம் மாறியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வலப்பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும், இடப்பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும்.

78களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். 1956 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால் நம் ஊர்ப் பெட்டிகளில் தமிழோடு மலையாளத் தட்டும் கலந்திருக்கும், ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணனின் குரல் இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. 78 பழங்காலத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், 1960களில் பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவில் 78ஆக வந்தது. இவற்றின் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட மூன்று நான்கு மடங்கு அகலம். எல்பி முள் அதில் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் வரும். இதற்கென்று சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு முள் தனியாக விற்கிறது, உங்கள் கார்ட்ரிட்ஜ் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிளேயரில் 78 வேகம் இல்லையென்றால் 45இல் ஓட்டிப் பதிந்து, ஆடாசிட்டியின் வேக மாற்றத்தில் 45லிருந்து 78 என்று தேர்ந்தெடுக்கலாம். அந்தக் காலத்தில் வெட்டும் வளைகோடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால் பாஸ், டிரபிளைக் காதால் கேட்டுத்தான் திருத்த வேண்டியிருக்கும். கழுவும்போது ஆல்கஹால் ஒரு துளிகூடப் படக் கூடாது. 78 அரக்கால் ஆனது, ஆல்கஹாலில் கரைந்துவிடும். கீழே விழுந்தால் உடையும், அடுக்கி வைத்தால் அடித்தட்டு விரிசல் விடும். அந்த முள் வரும்வரை ஒன்றையும் ஓட்டிப் பார்க்காமல், உறை போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி, சுவரில் ஈரம் இறங்காத அலமாரியில் வையுங்கள்.